கஷ்டங்களும் கர்த்தர்மேல் உள்ள நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடுகளின் நடுவில் இருக்கிறவர்கள், ஜெபக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம் பார்த்துக் கேட்கிற கேள்விகள் இவை. வியாதி, கடன், மரணம், பிள்ளைகளைப் பற்றிய கவலை என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இப்போதுதான் அடி விழுந்திருக்கிறது என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஜெபிக்க முடியாதவர்களுக்கான கேள்வி நடுவில் இருக்கிறது, இன்றைக்கு அது மட்டும் போதும்.

கஷ்டம் வந்தாலே விசுவாசம் வளர்ந்துவிடுமா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தால் கசந்துபோனவர்கள் உண்டு, சபையை விட்டே போனவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

லூக்கா 23-ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குற்றவாளிகள் சிலுவையில் தொங்குகிறார்கள். ஒரே தண்டனை, ஒரே வெயில், ஒரே வலி. ஒருவன், நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் காப்பாற்று என்று இகழ்கிறான். மற்றவன், உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்தருளும் என்கிறான். தன்னைச் சிலுவையிலிருந்து இறக்கிவிடச் சொல்லி அவன் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? வலியோடு யார் பக்கம் திரும்பினார்கள் என்பதில்தான் அந்த இரண்டு பேரும் பிரிகிறார்கள். பாடுகள் யாரையும் தானாகப் பக்தராக்குவதில்லை. யாரிடம் திரும்புவது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாதபடி செய்கின்றன, அவ்வளவுதான்.

சரி, நம்பிக்கை எப்படித்தான் ஆழமாகிறது?

இதற்குப் பவுல் தன் சொந்த அனுபவத்திலிருந்து சொன்ன பதிலைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆசியாவில் தனக்கு நேரிட்ட உபத்திரவத்தைப் பற்றி 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். ‘பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்’ என்பது அவருடைய வார்த்தை. என்ன நடந்தது என்று விவரம் சொல்லவில்லை. எதற்காக என்பதைச் சொல்கிறார்: ‘நாங்கள் எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கத்தக்கதாக.’

இதை எழுதியவர் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் இல்லை. பல சபைகளை நட்டவர், சிறையையும் அடியையும் ஏற்கெனவே பார்த்தவர். அவருக்கே தன்மேல் சாய்ந்திருந்த ஒரு பகுதி உள்ளே மிச்சமிருந்தது. அது எங்கே இருந்தது என்று, தன் பலம் தீர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நமக்கும் அப்படித்தான். எல்லாம் சீராகப் போகிறபோது ‘கர்த்தரை நம்பியிருக்கிறேன்’ என்று சொல்வோம், மனதாரத்தான் சொல்வோம். ஆனால் அந்த நம்பிக்கைக்குள் சம்பளம், உடல்நலம், நல்ல பெயர், நாம் போட்டுவைத்த திட்டம் எல்லாம் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்கு வழியே இல்லை. வேலை போகும்போதோ ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வரும்போதோ அவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. அப்போதும் ‘கர்த்தாவே’ என்று கூப்பிட உள்ளே ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தால், அதுதான் உண்மையான நம்பிக்கை. அது பார்க்கச் சின்னதாக, ஏமாற்றம் தருகிற அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். வளர்ச்சி தொடங்குவது அதிலிருந்துதான்.

சொத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் புத்தகம் முழுக்க இந்த ஒரு கேள்வியின்மேல்தான் நிற்கிறது. ‘யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?’ என்று சாத்தான் கேட்கிறான். கிடைப்பதற்காகத்தானே கும்பிடுகிறான், நிறுத்திப் பாரும் என்பது அதன் பொருள். கொடூரமான கேள்வி. ஆனாலும் அது நம் எல்லாரைப் பற்றியும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான் என்று நினைக்கிறேன். யோபுவின் பதில் அழகான பதிலாக வரவில்லை. முப்பத்தைந்து அதிகாரங்களுக்கு மேல் அழுகை, வாக்குவாதம், தான் பிறந்த நாளைச் சபிப்பது என்றெல்லாம் போன பிறகு, ‘என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது’ என்று வந்து நிற்கிறது. இதைச் சொல்லும்போது அவர் இன்னும் சாம்பலில்தான் உட்கார்ந்திருக்கிறார். இழந்தவை எதுவும் அதுவரை திரும்பி வரவில்லை.

‘தாங்க முடியாத பாரத்தைக் கர்த்தர் தரமாட்டார்’ என்கிறார்களே?

நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு வாக்குத்தத்தம் வேதத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 10:13-ஐ வைத்துச் சொல்கிறார்கள். அந்த அதிகாரம் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் விக்கிரகங்களையும் இச்சையையும் தேடி விழுந்ததைப் பற்றிப் பேசுகிறது. பாவம் செய்யத் தூண்டப்படும்போது தப்பிக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்பதுதான் அங்குள்ள உறுதி. பாடுகளைப் பற்றி அதே பவுல் ‘எங்கள் பலத்திற்கு மிஞ்சின’ என்றே எழுதினார் என்று மேலே பார்த்தோம்.

ஆகவே உங்களால் தாங்க முடியவில்லையென்றால் நீங்கள் தோற்றுப்போகவில்லை. தாங்க முடியாதது வரும். அப்போது தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்பதே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இது என் பாவத்துக்குத் தண்டனையா?

பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைப் பார்த்துச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் (லூக்கா 13).

செய்த தவற்றின் விளைவை அனுபவிக்கிற நேரங்களும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் விபத்து நடக்கும். அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்கும். மனந்திரும்புங்கள், மன்னிப்பு உண்டு. ஆனால் காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், பழைய வாழ்க்கையைக் கிளறிக் கிளறி ‘இதனாலா, அதனாலா’ என்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து நிறுத்துங்கள். தண்டனை சிலுவையில் சுமந்து தீர்க்கப்பட்டது என்பதுதான் சுவிசேஷம். உங்கள் பிள்ளையின் காய்ச்சலில் அது திரும்ப வசூலிக்கப்படுவதில்லை.

கர்த்தர் இதை அனுப்பினாரா, அனுமதித்தாரா?

கிறிஸ்தவர்கள் இதில் பல விதமாக யோசித்திருக்கிறார்கள். ஒரு பத்தியில் முடிகிற விஷயமில்லை. இரண்டு சம்பவங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

யோசேப்பு தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரரிடம், ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்கிறார். அவர்கள் செய்ததை அவர் தீமை என்றே சொல்கிறார், பூசி மெழுகவில்லை. இன்னொன்று, இயேசுவின் சிநேகிதன் லாசருவின் கல்லறை. இன்னும் சற்று நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். முடிவு நல்லதாக இருக்கும் என்பதால் நடுவில் இருக்கிற வலி அவருக்குச் சின்ன விஷயமாகிவிடவில்லை. மரணத்தை வேதம் ‘சத்துரு’ என்றே அழைக்கிறது. நாமும் தீமையை நன்மை என்று அழைக்கத் தேவையில்லை, அதை நன்மையாக முடிக்க அவரால் முடியும் என்று நம்பினால் போதும்.

கர்த்தர்மேல் கோபம் வருகிறது. அது பாவமா?

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். புலம்பல் சங்கீதங்கள்தான் அதில் மிக அதிகம். பதின்மூன்றாம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசிவரை இருட்டாகவே இருக்கிறது, வழக்கமாக முடிவில் வருகிற ‘ஆனாலும் உம்மைத் துதிப்பேன்’ அதில் வருவதே இல்லை. எரேமியா தீர்க்கதரிசி கர்த்தரிடமே வழக்காடுகிறார். இவை எல்லாம் ஆராதனையில் பாடவும் வாசிக்கவும் நம் கையில் கொடுக்கப்பட்டவை.

யோபுவின் கதையின் முடிவில் நடப்பதைப் பாருங்கள். கர்த்தருக்காக வாதாடி, சரியான உபதேசம் பேசியதாக நினைத்த மூன்று நண்பர்கள்மேல் கர்த்தர் கோபப்படுகிறார். கத்திக் கூப்பாடு போட்ட யோபுதான் தம்மைப் பற்றி நிதானமாய்ப் பேசினதாகச் சொல்கிறார். நண்பர்கள் கர்த்தரைப் பற்றிப் பேசினார்கள், யோபு கர்த்தரிடம் பேசினார். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

ஊசி போடும்போது ஒரு சின்னக் குழந்தை என்ன செய்யும்? அம்மாதான் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். அம்மாமேல்தான் கோபம். ஆனாலும் கதறிக்கொண்டு முகத்தைப் புதைப்பது அதே அம்மாவின் தோளில்தான். அப்படிப்பட்ட கோபத்தில் நம்பிக்கை இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம், கோபமே இல்லாமல் பேச்சையே நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றித்தான்.

ஜெபிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

வார்த்தை வராவிட்டால் விட்டுவிடுங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சு விட உங்களால் முடியும்தானே?

ஐசியு வாசலில் ஒரு அக்காவோடு உட்கார்ந்திருந்த இரவு நினைவுக்கு வருகிறது. கணவர் உள்ளே இருந்தார். மடியில் வேதாகமம் திறந்திருந்தது, அதே பதின்மூன்றாம் சங்கீதம். அவர் வாசிக்கவில்லை, வாசிக்க முடியவில்லை. முதல் ‘எதுவரைக்கும்’ மேல் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்திருந்தார். நான் மெதுவாக வாசித்தேன். அடுத்த ‘எதுவரைக்கும்’ வந்ததும் விரல் அங்கே நகர்ந்தது. அப்புறம் அடுத்தது. அன்று இரவு அவருடைய ஜெபம் அதுதான். அதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று: மற்றவர்களை உங்களுக்காக ஜெபிக்க விடுங்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக்’ கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் ஏதாவது பேசியதாக ஒரு வரிகூட இல்லை.

ஜெபித்தும் எதுவும் மாறவில்லை. என் விசுவாசம் போதாதா?

‘விசுவாசம் இருந்தால் சுகம் கிடைத்திருக்கும்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த வார்த்தைக்காக நான் வருந்துகிறேன். வியாதியின் பாரம் போதாதென்று குற்ற உணர்வையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

பவுல் தன் உடம்பை வாட்டிய, ‘முள்’ என்று அவரே அழைத்த ஒரு பாடு நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் போகவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் கிடைத்தது. தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில், வரப்போகிற பாடுகளை நினைத்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டவர் தேவகுமாரன். பாத்திரம் நீங்கவில்லை. யாருடைய விசுவாசத்தைக் குறை என்று சொல்வீர்கள்?

எபிரெயர் 11-ஐ முழுதாக வாசியுங்கள். 33, 34-ஆம் வசனங்களில் சிங்கங்களின் வாய் அடைக்கப்படுகிறது, பட்டயக்கருக்குக்குத் தப்புகிறார்கள். 35-ஆம் வசனத்தின் நடுவில், மூச்சு விடக்கூட இடைவெளியில்லாமல், வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள் என்று திரும்புகிறது. இரண்டு கூட்டத்தாரையும் ஒரே விசுவாசத்தின் சாட்சிகள் என்றுதான் அந்த அதிகாரம் எண்ணுகிறது.

அமெரிக்காவில் ஜோனி எரிக்சன் டாடா என்பவருக்கு 1967-இல், 17 வயதில், தண்ணீரில் தலைகீழாகக் குதித்தபோது கழுத்து எலும்பு முறிந்தது. கைகால் செயலிழந்தது. சுகத்துக்காக ஜெபித்தார், சுகமளிக்கும் கூட்டங்களுக்கும் போனார். சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. அதிலிருந்துகொண்டே மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு பெரிய ஊழியத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை, கேளுங்கள். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று உறுதியாகச் சொன்னார்கள். அதே மூச்சில் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிற இடத்துக்கு ஒரே நாளில் யாரும் போய்ச் சேருவதில்லை.

கர்த்தர் கூட இருக்கிற உணர்வே இல்லை. அவர் என்னை விட்டுவிட்டாரா?

கஷ்டத்தைவிட இந்த மௌனம்தான் தாங்க முடியாதது என்று பலர் சொல்கிறார்கள். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களைச் சொல்கிறேன்.

பர்மாவுக்கு மிஷனரியாகப் போன அதோனிராம் ஜட்சன் 1824, 1825 ஆண்டுகளில் அங்கே கொடிய சிறையில் கிடந்தார். கால்களில் விலங்கு. அவர் உயிரோடு வெளியே வர முக்கியக் காரணம் மனைவி ஆன்; அதிகாரி அதிகாரியாகப் போய்க் கெஞ்சி, சிறைக்கு உணவு கொண்டுபோனவர் அவர்தான். விடுதலை கிடைத்த கொஞ்ச காலத்தில், 1826-இல், அந்த ஆன் இறந்துபோனார். ஜட்சன் அப்போது பக்கத்தில்கூட இல்லை. அடுத்த வருடம் அவர்களுடைய கைக்குழந்தையும் போய்விட்டது. ஜட்சன் உடைந்துபோனார். காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து மரணத்தையே யோசித்துக்கொண்டிருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று அந்த நாட்களில் எழுதினார்.

அந்த இருட்டு ஒரு நாள் ‘பளிச்’ என்று விலகியதாகக் கதை இல்லை. மெதுவாக, வருடக்கணக்கில், எழுந்தார். மொழிபெயர்ப்பு வேலைக்குத் திரும்பினார். 1834-இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் மொழிபெயர்த்து முடித்தார். பர்மிய கிறிஸ்தவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் தேவ பிரசன்னத்தை உணராமலே இருந்தார் என்று தெரிந்து உலகமே திகைத்தது. சிலர் இதை அவருடைய விசுவாசத்துக்கு எதிரான சாட்சியாகப் பேசினார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உணர்வு கொடுக்கிற சந்தோஷம் இல்லாமலே ஒருவர் தினமும் எழுந்து அதே ஆண்டவருக்காக வேலைக்குப் போகிறார் என்றால், அவரைத் தாங்கியது உணர்வாக இருந்திருக்க முடியாதே.

‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று சிலுவையில் கூப்பிட்டவரை நாம் ஆராதிக்கிறோம். கைவிடப்பட்டதுபோல் உணர்கிற இடம் அவருக்குத் தெரியாத இடமில்லை.

மனச்சோர்வுக்கு டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவா?

கிடையவே கிடையாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டி எழுப்பினான், மறுபடியும் சாப்பாடுதான். கேள்வியும் பதிலும் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வந்தன. தூக்கம், உணவு, மருந்து, ஆலோசனை எல்லாம் கர்த்தர் அனுப்புகிற உதவிதான்.

லண்டனில் பேர்பெற்ற பிரசங்கியாராக இருந்த சார்லஸ் ஸ்பர்ஜன், 1856-இல் தன் கூட்டத்தில் யாரோ ‘தீ’ என்று கத்தியதால் ஏற்பட்ட நெரிசலில் ஏழு பேர் இறந்ததைப் பார்த்தார். அப்போது அவருக்கு 22 வயது. மனச்சோர்வு அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவரை விட்டுவிட்டுத் தாக்கியது. அதைப் பிரசங்க பீடத்திலேயே வெளிப்படையாகப் பேசினார்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

ஒருவர் என்னை அடித்துத் துன்புறுத்துகிறார். சிலுவை என்று சுமப்பதா?

வேண்டாம். பாடுகள் விசுவாசத்தை வளர்க்கும் என்ற உண்மையை எடுத்து, அடிபடுகிற ஒருத்தியை அந்த வீட்டிலேயே இருக்கச் சொல்வது அந்த உண்மையைக் கெடுப்பது. தாவீது சவுல் ராஜாவின் ஈட்டிக்கு விலகி ஓடினார். தமஸ்குவில் பவுல் இரவில் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, நான் ரோமக் குடியுரிமை உள்ளவன் என்று சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்பது இயேசு சொன்னதே. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், காவல்துறையின் உதவியைக் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நம்பிக்கை வளர வேண்டும் என்று கஷ்டத்தைக் கேட்டு ஜெபிக்கலாமா?

வேண்டாம். ‘தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்’ என்றுதான் நமக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

யாராலும் சொல்ல முடியாது. யோசேப்பு விற்கப்பட்ட காலத்தில் 17 வயது, பார்வோன் முன் நின்றபோது 30. நடுவில் 13 வருடம். சிறையில் தான் உதவிய பார்வோனின் பானபாத்திரக்காரன் தன்னை மறந்துவிட்ட அந்த இரண்டு வருடம்தான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு, ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு கதவு திறப்பதுபோல் இருந்தது. வாக்களிக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருந்த ஆபிரகாமுக்கு 25 வருடம். வருடங்களாகக் கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னா ஒரு நாளுக்கு ஒரு நாள்தான் விழுந்தது, மறுநாளுக்கு எடுத்துவைத்தது கெட்டுப்போனது. இன்றைய நாளுக்கான பலத்தை மட்டும் கேளுங்கள்.

கஷ்டத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வது? ரோமர் 8:28 சொல்லலாமா?

‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்பது சத்தியம். ஆனால் அது கஷ்டப்படுகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டிய வசனம். பக்கத்தில் நிற்கிறவர் அவருக்காக அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம், ‘கர்த்தருக்கு அவன்மேல் பிரியம் ஜாஸ்தி, அதான் எடுத்துக்கிட்டார்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா தலையை ஆட்டினார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, ‘அப்போ எனக்குப் பிரியம் கம்மியா?’ என்று கேட்டார். ஆறுதல் என்று நினைத்துச் சொல்வது எங்கே போய்க் குத்தும் என்று நமக்குத் தெரியாது.

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான். போய் உட்காருங்கள். அழுதால் கூட அழுங்கள். மருந்து வாங்கி வாருங்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் வருவதை நிறுத்திய பிறகு, இன்னொரு தடவை போங்கள்.

என் நம்பிக்கை ஆழமாகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் சில அடையாளங்களைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் சுருங்கும், அதே சமயம் நேர்மையாகும். ‘ஏன்’ என்ற கேள்வி போய்விடாது, ஆனால் பதில் கிடைக்காமலே அன்றைய வேலையைச் செய்ய முடியும். அடுத்தவரின் கண்ணீருக்கு உடனே விளக்கம் சொல்லும் பழக்கம் போய்விடும். பயம் வரும், பழைய அளவுக்கு ஆட்டிவைக்காது. முன்பு வாசித்துத் தாண்டிப்போன ஒரு சங்கீதம் தன் குரலாகவே கேட்கும்.

இவற்றில் ஒன்றும் உங்களிடம் இல்லையென்றால், தன் பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பனின் ஜெபம் இருக்கிறது: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ அரைகுறையான அந்த ஜெபத்தோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

என் கஷ்டம் இன்னும் முடியவில்லை. சபையில் சாட்சி சொல்லலாமா?

சொல்லலாம், சொன்னால் நல்லது என்றே நினைக்கிறேன். சபையில் நாம் கேட்பது பெரும்பாலும் முடிந்த கதைகள்: வியாதி நீங்கியது, வேலை கிடைத்தது, கடன் அடைந்தது. அவற்றுக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நிறையப் பேர் கதையின் நடுவில் இருக்கிறார்கள். முடிந்த கதைகளையே கேட்டுக் கேட்டு, தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பவுல் முள்ளைப் பற்றிச் சொன்னபோது முள் அவர் உடம்பில்தான் இருந்தது.

என்ன நடந்தது, என்ன கேட்டீர்கள், எது இன்னும் கிடைக்கவில்லை, இந்த வாரம் உங்களை எது தாங்கியது, இவ்வளவு போதும். நல்ல முடிவு ஒன்றைக் கதைக்காக ஒட்டவைக்காதீர்கள். குரல் உடைந்தால் உட்கார்ந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்ல மனமில்லையென்றால், போதகரே கேட்டாலும் மறுத்துவிடலாம். எப்போது, யார் முன்னால் பேசுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.